சோம்பேறி என்ற பட்டம்: ஓடுகிறவர்களின் சோர்வுக்கும் ஒரு வரலாறு உண்டு



இந்த முறை ஒரு தவறை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம்.

எங்கள் மாலை நேரப் படிப்பு வட்டத்தில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் பதினான்கு பேர் இருக்கிறார்கள். எழுத்துத் தேர்வைத் தாண்டினால் உடல் தகுதித் தேர்வு. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில். ஊர்ப் பக்கம் நல்ல மைதானம் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் அங்கே போனால், "இங்க என்ன வேலை?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அதனால் விடியற்காலையில் ஏரிக்கரை மேலேயே ஓடுகிறார்கள்.

அதில் ஒரு தங்கை. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலை. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ், வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். நாலரைக்கு எழுந்து ஓடுவாள். முதல் இரண்டு மாதம் அவள்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். பிறகு மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனாள். 2 நிமிடம் 20 நொடியில் முடித்துக்கொண்டிருந்தவள் 2 நிமிடம் 45 நொடிக்கு வந்தாள். பிறகு வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை. பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "முடியலக்கா, ஒடம்பு எழுந்திருக்க மாட்டேங்குது, ஓடணும்னே தோணல" என்றாள்.

நாங்கள் என்ன செய்தோம்? சமூகவியல் படித்தவர்கள், களப்பணி செய்கிறவர்கள், மேடையில் விடுதலை பேசுகிறவர்கள். அப்படிப்பட்ட நாங்கள் அவளுக்கு அறிவுரை சொன்னோம். "மனசு வெச்சா முடியும்" என்றோம். கைபேசியில் ஒரு மோட்டிவேஷன் வீடியோவை அனுப்பினோம். அவள் இல்லாத நேரத்தில் எங்களுக்குள், "கொஞ்சம் சோம்பேறித்தனம்தான்" என்றும் பேசிக்கொண்டோம். அந்தச் சொல் எங்கள் வாயில் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

ஓடினாலும் நோய், ஓய்ந்தாலும் நோய்

1851. அமெரிக்காவின் லூசியானா மாநிலம். சாமுவேல் கார்ட்ரைட் என்ற வெள்ளை மருத்துவர், கறுப்பின மக்களைத் தாக்கும் இரண்டு புதிய நோய்களைக் கண்டுபிடித்ததாக ஒரு மருத்துவ இதழில் எழுதினார். முதல் நோய்க்கு 'டிராப்பிடோமேனியா' என்று பெயர் வைத்தார். எசமானிடமிருந்து தப்பி ஓடத் தூண்டும் பைத்தியம் என்று அதற்குப் பொருள். அடிமை ஒருவர் விடுதலை தேடி ஓடினால் அது மனநோய். மருந்து, சவுக்கடி.

இரண்டாவது நோய் இன்னும் விசித்திரமானது. அடிமைகள் வேலையில் மந்தமாக இருக்கிறார்கள், தூங்கி வழிகிறார்கள், எதிலும் அக்கறை இல்லாமல் திரிகிறார்கள். இதுவும் ஒரு நோயாம். இதற்கும் ஒரு கிரேக்கப் பெயர் வைத்தார். மருத்துவம் என்ன தெரியுமா? உடம்பைக் கழுவி, எண்ணெய் தடவி, அகலமான தோல் வாரால் அந்த எண்ணெயை அடித்து இறக்க வேண்டும். பிறகு வெயிலில் கடுமையான வேலை கொடுக்க வேண்டும்.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் சூரியன் உதிக்கும் முன்னே பருத்திக் காட்டில் இறங்கி, இருட்டிய பிறகு கரையேறுகிறார். அரைவயிற்று உணவு. பிள்ளைகளைச் சந்தையில் விற்றுவிட்டார்கள். அவர் சோர்ந்துபோனால் காரணத்தை அந்தக் காட்டில் தேட வேண்டுமா, அவருடைய தோலில் தேட வேண்டுமா? கார்ட்ரைட் தோலில் தேடினார். சோர்வுக்குக் காரணமானவர்களே சோர்வுக்கு வைத்தியரும் ஆனார்கள்.

இது நமக்குத் தெரியாத கதையா? நம் பாட்டன்கள் அடுத்தவன் வயலில் நாள் முழுக்க நின்றார்கள். உழைக்காமல் வரப்பில் குடை பிடித்து நின்றவன் அவர்களைச் சோம்பேறி என்றான். உழைப்பவனுக்குச் சோம்பேறிப் பட்டம், உட்கார்ந்து தின்பவனுக்கு மிராசுதார் பட்டம். சாதி நம்மிடமிருந்து நிலத்தையும் நீரையும் மட்டும் பறிக்கவில்லை. களைத்துப்போகும் உரிமையையும் பறித்துக்கொண்டது. அந்தப் பழைய வசவைத்தான், எங்களையே அறியாமல், எங்கள் தங்கை மீது நாங்கள் வீசியிருக்கிறோம்.

தூங்கி எழுந்து வழிநடத்தியவர்

கார்ட்ரைட் அப்படி எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர் சொன்ன 'ஓட்ட நோய்' பிடித்த ஒரு பெண் இருந்தார். ஹாரியட் டப்மன். 1849இல் மேரிலாந்தின் அடிமைப் பண்ணையிலிருந்து தப்பினார். தான் மட்டும் தப்பினால் போதும் என்று இருக்கவில்லை. ஏறக்குறைய 13 முறை திரும்பி வந்து, சுமார் 70 பேரை இரவோடு இரவாக அழைத்துப் போனார்.

அவரைப் பற்றிச் சுவரொட்டிகளில் அதிகம் வராத ஒரு செய்தி உண்டு. சிறு வயதில், தப்பி ஓடிய வேறொரு அடிமையை நோக்கி ஒரு மேற்பார்வையாளன் எறிந்த இரும்பு எடைக்கல் அவர் தலையில் விழுந்தது. அன்று முதல் வாழ்நாள் முழுக்கத் தலைவலி. பேசிக்கொண்டிருக்கும்போதே, நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று தூங்கிவிடுவார். அடிமைகளைப் பிடிக்க நாய்களோடு ஆட்கள் அலையும் காட்டு வழியிலும் அந்தத் தூக்கம் வந்திருக்கிறது. உடன் வந்தவர்கள் அவர் விழிக்கும் வரை காத்திருப்பார்கள். அவர் கண் விழித்து எழுந்ததும் பயணம் தொடரும்.

அவரை விட்டுவிட்டு யாரும் முன்னே போகவில்லை. எழுப்பி, வைராக்கியம் பற்றிப் பாடம் நடத்தவும் இல்லை. சோர்வும் தலைமையும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்பதை அந்த மக்கள் புரிந்துவைத்திருந்தார்கள். நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து நாங்கள் மறந்துவிட்டோம்.

மண்சாலையில் ஓடியவர்கள்

அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தென் மாநிலங்களில் நிறப் பிரிவினைச் சட்டங்கள் வந்தன. பள்ளி தனி, பஸ்ஸில் இருக்கை தனி, தண்ணீர்க் குழாய் தனி. விளையாட்டு மைதானமும் தனி. பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மைதானமே இல்லை.

ஜார்ஜியா மாநிலத்தின் அல்பனி என்ற ஊரில் 1923இல் பிறந்தவர் ஆலிஸ் கோச்மன். பொதுத் திடலுக்குள் நுழைய அனுமதி கிடையாது. மண்சாலையில் வெறுங்காலோடு ஓடினார். கயிற்றையும் குச்சிகளையும் கட்டி உயரம் தாண்டப் பழகினார். 1939 முதல் 1948 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் உயரம் தாண்டுதலில் அமெரிக்க சாம்பியன். 1940, 1944 ஒலிம்பிக்குகள் போரால் ரத்தாயின. ஒரு விளையாட்டு வீரருக்கு உடல் ஒத்துழைக்கும் காலம் குறைவு. அதில் எட்டு ஆண்டுகள் காத்திருப்பிலேயே போனது. 1948 லண்டனில் 1.68 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

ஊர் திரும்பியபோது வரவேற்பு நடந்தது. அரங்கத்தில் வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம். மேடையில் இருந்த வெள்ளை மேயர் அவருக்குக் கைகொடுக்கவில்லை. இங்கிலாந்து மன்னர் பதக்கம் அணிவித்த பெண்ணை அவருடைய சொந்த ஊர் மேயர் தொடவில்லை. ஏரிக்கரையில் ஓடும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வில்மாவின் தோல்வி

வில்மா ருடால்ஃப் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மோட்டிவேஷன் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்தவர். போலியோ வந்த சிறுமி மன உறுதியால் உலகின் வேகமான பெண்ணானாள் என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இருக்கும் மனிதர்களை எண்ணிப் பார்ப்போம்.

1940இல் டென்னசி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் அருகே குறைமாதத்தில் பிறந்தார். அவருடைய அப்பாவின் 22 பிள்ளைகளில் 20ஆவது. அப்பா ரயில்வே போர்ட்டர், அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். போலியோவால் இடது கால் வலுவிழந்தது. கறுப்பினக் குழந்தைக்கு ஏற்ற சிகிச்சை சொந்த ஊரில் கிடைக்கவில்லை. சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருந்த நாஷ்வில் நகரின் கறுப்பின மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். வாரந்தோறும் அம்மா அழைத்துப் போனார், பஸ்ஸின் பின் இருக்கையில். இப்படி இரண்டு ஆண்டுகள். வீட்டில் அம்மாவும் அண்ணன் அக்காக்களும் முறை போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு நான்கு முறை அந்தக் காலைத் தேய்த்துவிட்டார்கள். 12 வயதுவாக்கில்தான் வில்மா எந்தத் துணையும் இல்லாமல் சாதாரணமாக நடந்தார்.

இதை ஒருத்தியின் மன உறுதி என்று சொல்வது அந்த அம்மாவையும் அண்ணன் அக்காக்களையும் அழிப்பதாகும்.

பள்ளியில் சேர்ந்து ஓடத் தொடங்கினார். உள்ளூர்ப் போட்டிகளில் எளிதாக வென்றார். 1956இல், 15 வயதில், அலபாமாவின் டஸ்கீகியில் நடந்த பெரிய போட்டிக்குப் போனார். கலந்துகொண்ட அத்தனை ஓட்டங்களிலும் தோற்றார். ஒன்றில்கூட வெற்றி இல்லை. அந்தத் தோல்வி தன்னை நொறுக்கியதைப் பிற்பாடு அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஓட வேண்டும் என்ற ஆசையே வற்றிப்போகும் அந்த நிலை உலகின் வேகமான பெண்ணுக்கும் வந்திருக்கிறது.

அவர் அங்கிருந்து மீண்டது எப்படி? டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் எட் டெம்பிள் கோடைப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டார். அங்கே 'டைகர்பெல்ஸ்' என்ற கறுப்பினப் பெண்கள் அணி. மே ஃபேக்ஸ் என்ற மூத்த வீராங்கனை வில்மாவைத் தங்கையாகப் பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டே இருவரும் மெல்பர்ன் ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் சேர்ந்து ஓடி வெண்கலம் வென்றார்கள். தனி ஓட்டமான 200 மீட்டரில் வில்மா முதல் சுற்றுகளிலேயே வெளியேறினார். தனியாகத் தோற்ற அதே பெண் கூட்டத்தோடு ஓடிப் பதக்கம் வாங்கினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அணியின் நிலைமையையும் சொல்ல வேண்டும். விளையாட்டு உதவித்தொகை இல்லை. படிப்புச் செலவுக்காக அந்தப் பெண்கள் தினமும் இரண்டு மணி நேரம் வளாகத்தில் வேலை செய்தார்கள். ஓடுதளம் கோடு போடாத மண் தளம், பக்கத்தில் பன்றிப் பண்ணை. வெளியூர்ப் போட்டிகளுக்கு டெம்பிள் சொந்த வண்டியில் அழைத்துப் போவார். வழியில் உணவகங்களில் கறுப்பர்களுக்கு இடமில்லை. அதனால் கட்டிக்கொண்டு போன ரொட்டிதான் சாப்பாடு. கழிப்பறைக்கு வயல்வெளி. அந்த அணியிலிருந்துதான் 40 ஒலிம்பிக் வீராங்கனைகள் உருவானார்கள். 23 பதக்கங்கள் வந்தன, அதில் 13 தங்கம்.

டெம்பிள் கண்டிப்பானவர். ஒரு நிமிடம் தாமதமானால் ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும். ஒருநாள் வில்மா தூங்கிவிட்டு 30 நிமிடம் தாமதமாக வந்தார். 30 சுற்று ஓட வைத்தார். மறுநாள் வில்மா அரை மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாராம். இதைப் படித்ததும் எங்கள் குழுவில் ஒரு தம்பி கேட்டான்: "அப்ப அந்த டாக்டரோட தோல் வாருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" நல்ல கேள்வி. நாங்கள் வெகுநேரம் விவாதித்தோம். டெம்பிள் அதே வண்டியை ஓட்டினார். அதே ரொட்டியைத் தின்றார். அதே உணவகத்தின் வாசலில் அவரும் மறுக்கப்பட்டார். தன்னோடு சேர்ந்து சுமக்கிறவர் காட்டும் கண்டிப்பு வேறு, வரப்பில் நிற்பவன் வீசும் சவுக்கு வேறு. வில்மாவுக்கு 1958இல் குழந்தை பிறந்தது. அணியில் தாய்மாருக்கு இடமில்லை என்ற தன் விதியை அவருக்காக டெம்பிள் தளர்த்தினார். எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்று தெரிந்தவர்தான் பயிற்சியாளர்.

1960 ரோம். 100 மீட்டருக்கு முந்தைய நாள் வில்மாவின் கணுக்கால் சுளுக்கியது. ஆனாலும் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண். தொடர் ஓட்டத்தில் அவரோடு ஓடிய மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ் மூவரும் அதே டைகர்பெல்ஸ் பெண்கள்தான்.

இன்னொரு செய்தி எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. ஓட்டங்களுக்கு இடையே கிடைக்கும் நேரத்தில் படுத்துத் தூங்கிவிடுவது வில்மாவின் வழக்கம். மற்றவர்கள் பதற்றத்தில் இருக்க, அவர் தூங்கி எழுந்து வந்து ஓடுவார்.

ஊர் அவருக்கு வரவேற்பு ஏற்பாடு செய்தது. வழக்கம்போல் வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி. அப்படியானால் வரமாட்டேன் என்றார். அவர் ஆலிஸின் கதை தெரிந்த தலைமுறை. 1960 அக்டோபரில் நடந்த அந்த ஊர்வலமும் விருந்தும்தான் கிளார்க்ஸ்வில் நகரில் எல்லா நிறத்தவரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சி. 1963இல், கறுப்பரை அனுமதிக்காத ஓர் உணவகத்துக்கு எதிரான போராட்டத்திலும் போய் நின்றார். ஓட்டம் அவருக்குப் பதக்கத்தோடு முடியவில்லை.

நம் மண்ணில் ஓடியவர்

1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதை அதில் சுட்டிக்காட்டினார். அந்த உறவு நமக்குப் புதிதல்ல. அதனால்தான் வில்மாவைப் படிக்கும்போது புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வருகிறார். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள், தலித் குடும்பம். ஓடச் சொல்லிக் கொடுத்தவர் தாத்தா. 2005இல் ஆசிய சாம்பியன்ஷிப் 800 மீட்டரில் வெள்ளி. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் மறுபடியும் வெள்ளி. பிறகு பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். உலகத்தின் முன் அவரை நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். ஒரு காலத்தில் அவரே செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகும் நிலை வந்தது. அதிலிருந்து எழுந்து, படித்து, பயிற்சியாளராகி, இன்று வேறு பிள்ளைகளை ஓட வைக்கிறார்.

சாந்தி அக்காவின் அந்தக் களைப்பை எந்த மோட்டிவேஷன் வீடியோவால் தீர்த்திருக்க முடியும்? பதக்கத்தோடு சேர்த்து மரியாதையையும் திருப்பித் தருவதல்லவா அதற்கு மருந்து?

எங்கள் தங்கைக்கு என்ன ஆயிற்று

இதையெல்லாம் படித்த பிறகு அவள் வீட்டுக்குப் போனோம். இந்த முறை அறிவுரை சொல்லவில்லை, கேட்டோம். காலையில் என்ன சாப்பிடுகிறாய்? டீயும் பிஸ்கட்டும். மதியம்? கம்பெனி கேன்டீன் சோறு, ரசம். எத்தனை மணிக்குப் படுக்கிறாய்? பாத்திரம் கழுவி, தம்பிக்குத் துணி துவைத்துவிட்டுப் பதினொன்றுக்கு. மாதவிடாய்? ஏழெட்டு நாள் போகும், அதிகமாகப் போகும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. படியேறினாலே மூச்சு வாங்குகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்க வேண்டும். அவளுக்கு 8க்கும் கீழே. அந்த இரத்தத்தை வைத்துக்கொண்டுதான் அவள் ஏரிக்கரையில் 400 மீட்டர் ஓடியிருக்கிறாள். அவளைத்தான் நாங்கள் சோம்பேறி என்றோம்.

அவள் ஒருத்தி மட்டும் அல்ல. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் சோகையோடு வாழும் நாட்டில் களைப்பைக் குணக்கேடு என்று சொல்ல நமக்கு வாய் எப்படி வந்தது?

மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், அதிக இரத்தப்போக்குக்குத் தனியாகச் சிகிச்சை தொடங்கினார். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடிக்கக் கூடாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளலாம் என்றார். ஓட்டத்தைச் சில வாரம் நிறுத்தச் சொன்னார். அந்த வாரங்களிலும் அவள் ஏரிக்கரைக்கு வந்தாள். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு நேரம் குறித்தாள். தம்பியின் துணியைத் தம்பியே துவைக்க வேண்டும் என்று அவள் அம்மாவிடம் பேசினோம். மாத்திரையைவிட அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. நான்கு மாதம் கழித்து 2 நிமிடம் 15 நொடியில் ஓடினாள். தேர்வு இன்னும் வரவில்லை. அவள் வெல்வாளா என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் மறுபடியும் ஓட ஆசைப்படுகிறாள்.

எங்கள் பழக்கத்திலும் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை, அது எல்லோருக்கும் உரிமை. ஓடி முடித்ததும் வேகவைத்த கடலையோ முட்டையோ, பொதுச் செலவில். பின்தங்குகிறவரோடு யாராவது ஒருவர் சேர்ந்து ஓடுவது. இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவருக்குச் சோர்வு நீடித்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகுதான் பேச்சு. உடம்பு சரியாக இருந்தும் மனம் ஓடவில்லை என்றால் அதையும் வெட்கமில்லாமல் சொல்ல ஓர் இடம்.

கடைசியாக ஒன்று. இந்த வரலாற்றைச் சவுக்காக்கிவிடாதீர்கள். "போலியோ வந்த வில்மாவே ஓடினாள், உனக்கு என்ன கேடு?" என்று யாராவது கேட்டால் அது கார்ட்ரைட்டின் தோல் வார்தான், நீல வண்ணம் பூசிய தோல் வார். வென்றவர்கள் பெயர்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காலைத் தேய்த்துவிட அண்ணன் அக்கா இல்லாமல், வண்டி ஓட்ட ஒரு டெம்பிள் இல்லாமல், பாதியிலேயே நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் யாரும் சோம்பேறிகள் அல்ல.

இயக்க வேலையில் இருக்கும் உங்களுக்கும் இது பொருந்தும். நினைவேந்தல், ஆர்ப்பாட்டம், நீதிமன்றம், உண்மையறியும் குழு என்று அலைந்து, ஒருநாள் எழுந்திருக்கவே மனமில்லாமல் போகும். அப்போது உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருக்கும் தோழரிடம் சொல்லுங்கள். நீங்கள் விழிக்கும் வரை அவர் காத்திருப்பார். நாளை அவர் தூங்கும்போது நீங்கள் காத்திருங்கள். டப்மனின் கூட்டம் அப்படித்தான் காட்டைக் கடந்தது.

ஜெய் பீம்.